மூன்று கிலோமீட்டர் கணக்கு: கே.ஜி.கண்டிகையில் ஒரு காட்டுப்பன்றி இரவு

“அங்கெல்லாம் போனைத் திறந்தா போதுமாம் பாப்பா. எந்த மிருகத்தை எப்போ சுடலாம், எந்த இடத்துல சுடலாம், எல்லாத்தையும் அதுவே சொல்லிடுதாம். நம்ம ஊருக்கும் அந்த ஆப்பைப் போட்டுக் குடுத்துட்டுப் போ.”

தோழியின் தாத்தா இதைச் சொன்னபோது நான் இன்னும் தோள் பையைக்கூட இறக்கவில்லை. ‘ஆப்’ என்பதை அவர் ‘ஆப்பு’ என்றேதான் சொல்கிறார். நாலு முறை திருத்திப் பார்த்த பேத்தி ஐந்தாவது முறை விட்டுவிட்டாள்.

விஷயம் இதுதான். தோழியின் அண்ணன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனதைத் தாத்தா சொல்லிப் புலம்பியிருக்கிறார். பேரன் ஆறுதலாக, “இங்கேயும் பன்றித் தொல்லை உண்டு தாத்தா, ஆனா சட்டமெல்லாம் ஆப்லயே இருக்கு” என்று சொல்லி வைக்க, அன்றிலிருந்து தாத்தாவுக்கு அந்த ஆப் மீது ஒரு கண். “டிஜிட்டல்ல வேலை பாக்குறேன்னு சொல்றியே, வந்து பாரேன்” என்று தோழி என்னை இழுத்துவிட்டாள்.

திருத்தணியில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மலைதான். வருஷத்தின் நாள் கணக்குக்கு 365 படிகள். டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு அந்தப் படிகளும் தெரியும், கூட்டமும் தெரியும். ஆடிக் கிருத்திகைக் காவடிகளைப் பற்றி எழுதாத வார இதழ் இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். என்னை அன்றைக்குப் பிடித்துக்கொண்டது வள்ளி. வேடர் தலைவன் நம்பிராஜனின் மகளாக வளர்ந்து, தினைப்புனத்தில் பரண் மேல் நின்று பறவை விரட்டிய பெண். அவளைத் தேடி வேடன் வேஷத்தில் வந்த முருகன், கடைசியில் கைப்பிடித்தது இந்தத் தணிகை மலையில் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. வேட்டைக்காரர் வீட்டு மருமகன் குடியிருக்கும் ஊர் இது. பயிர்க் காவலும் வேட்டையும் இங்கே புராணத்திலேயே பக்கத்துப் பக்கத்து வீடு.

சோளிங்கர் சாலையில் பஸ் திரும்பியதும் கட்டடங்கள் குறைந்து வயல் வருகிறது. நெல், கரும்பு, வேர்க்கடலை, நடுநடுவே மாந்தோப்பு. கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை கரடுமுரடாகப் பாறைக் குன்றுகள் எட்டிப் பார்க்கின்றன. பஸ்ஸில் பாதிப் பேச்சு தமிழ், பாதி தெலுங்கு. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வருகிறது, யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை. 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முன்னின்ற வட எல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திரும்ப வந்தது. திருப்பதியும் சித்தூரும் அங்கேயே நின்றுவிட்டன. மேப்பில் ஒரு கோடு நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கே.ஜி.கண்டிகையில் தோழியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலரை. காபி ஆறுவதற்குள் தாத்தா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பகல் வெளிச்சத்தில் டார்ச் எதற்கு என்று கேட்டேன். “திரும்பி வரும்போது வேணுமில்ல?” என்றார்.

அவருக்கு நிலம் இரண்டு இடத்தில் இருக்கிறது. குன்றின் பக்கமாகக் கிணற்றுக் கழனி. சாலையைத் தாண்டி மறுபக்கம் மேட்டுக் கொல்லை. இரண்டிலும் வேர்க்கடலை. கழனியை நெருங்கும்போதே தெரிந்துவிட்டது. யாரோ சின்னக் கலப்பையைக் கோணல்மாணலாக ஓட்டியது போல மண் புரண்டு கிடந்தது. செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டு வதங்கிக் கிடந்தன. காய் முற்ற இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்குமாம். ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார். காய் இருந்த இடத்தில் வெறும் நூல் போன்ற காம்புகள்.

“ஒண்ணு ரெண்டு வராது. குட்டியும் குருமானுமா குடும்பத்தோட வரும். தெலுங்குல பன்னிக்கு என்ன பேர் தெரியுமா? பந்தி. அடவி பந்தி. நம்ம கொல்லையில வந்து வரிசையா உக்காந்து துன்னுட்டுப் போவுது. பேரு சரியாத்தான் வச்சிருக்கான்.”

வரப்பைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டியிருந்தார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், ஒன்றில் ஜரிகைகூட இருந்தது. “அது என் ரெண்டாவது பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது” என்றார் ஆயா, பின்னாலேயே வந்தவர். முடிதிருத்தும் கடையிலிருந்து முடி வாங்கி வந்து வரப்பெல்லாம் தூவிப் பார்த்திருக்கிறார்கள். முதல் வாரம் பன்றிகள் அந்த வாடைக்குத் தயங்கின, இரண்டாவது வாரம் பழகிவிட்டன. இப்போது புதிதாக ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். கிணற்று மேட்டில், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கிறது. ஆயாவின் குரலையே போனில் பதிவு செய்து, இரவு முழுக்க ஓட விடுகிறார்கள். “ஏய்! போ! தே! ஓடு!” என்று ஒரு நிமிடம், அப்புறம் கொஞ்சம் மௌனம், மறுபடியும் “ஏய்!” தினைப்புனத்துப் பரண் ஞாபகம் வந்ததை நான் வெளியே சொல்லவில்லை. ஆயாவுக்கு 68 வயது.

இருட்டிய பிறகு, வீட்டு வாசல் கயிற்றுக் கட்டிலில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் டெக்சாஸ் கதையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பேரன் சொன்னதில் பொய் இல்லை. டெக்சாஸ் பூங்கா மற்றும் வன உயிரினத் துறையே ‘அவுட்டோர் ஆன்யுவல்’ என்று ஒரு ஆப் வைத்திருக்கிறது. எந்த கவுன்ட்டியில் எந்த விலங்குக்கு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேட்டைக் காலம், ஒருவர் எத்தனை எடுக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். சிக்னல் இல்லாத காட்டிலும் திறக்கும். அங்கே பெருகிக் கிடக்கும் பன்றிகள் நாட்டுப்பன்றி வழி வந்து காட்டில் திரிபவை. வெளியிலிருந்து வந்து விளைநிலத்தை அழிக்கும் பிராணி என்றே சட்டம் அவற்றைப் பார்க்கிறது. 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் வேட்டை லைசென்ஸ்கூட வேண்டியதில்லை.

இது தவிர, மொன்டானா மாநிலத்தில் 2009-ல் தொடங்கப்பட்ட ‘ஆன்எக்ஸ்’ போன்ற தனியார் ஆப்கள் உண்டு. எது அரசு நிலம், எது தனியார் நிலம், யார் பெயரில் இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டை நம்பிப் போன நாலு பேர் கோர்ட் படி ஏறிய கதையும் இருக்கிறது. வயோமிங்கில் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறிக் கிடக்கின்றன. 2021-ல் மிசௌரியிலிருந்து வந்த நாலு வேட்டைக்காரர்கள், இரண்டு அரசு நிலச் சதுரங்கள் மூலையோடு மூலை தொடும் இடத்தை ஆப்பில் கண்டுபிடித்து, தனியார் மண்ணில் கால் படாமல் இருக்க ஏணி வைத்துத் தாண்டினார்கள். நில உரிமையாளர், ‘என் நிலத்துக்கு மேலே உள்ள காற்றில் நுழைந்துவிட்டார்கள்’ என்று வழக்குப் போட்டார். அவர் தரப்பு சொன்ன இழப்பு 70 லட்சம் டாலருக்கும் மேல். குற்ற வழக்கில் 2022-ல் விடுதலை, சிவில் வழக்கில் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வேட்டைக்காரர்களுக்கே வெற்றி.

தாத்தா இதைக் கவனமாகக் கேட்டார். “காத்துக்குக்கூட பட்டாவா?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு நம் ஊர்க் கணக்குக்கு வந்தோம். இங்கேதான் அவர் முகம் சுருங்க ஆரம்பித்தது.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, இந்தியாவிலும் வேட்டை லைசென்ஸ் என்ற ஒன்று இருந்தது. பெரிய விலங்குக்கு ஒன்று, சின்ன விலங்குக்கு ஒன்று என்று வகை பிரித்துக் கொடுத்தார்கள். 1991 திருத்தத்தில் அந்தக் கதவையே மூடிவிட்டார்கள். அதனால் நம் நாட்டில் வேட்டைக் காலம் காட்டும் ஆப் இல்லை. காட்டுவதற்குக் காலம் என்று ஒன்று இருந்தால்தானே? இன்னொன்று, ‘வேட்டை’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் அர்த்தம் நாம் நினைப்பதைவிட ரொம்பப் பெரியது. சுடுவது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, வலை போடுவது, விஷம் வைப்பது, விரட்டிப் பிடிப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது, காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது, எல்லாமே வேட்டைதான்.

“அப்போ காணும் பொங்கலுக்கு நாங்க முயல் புடிச்சது?”

“அதுவும் வேட்டைதான் தாத்தா.”

“கௌதாரி முட்டை எடுத்தது?”

“அதுவும்.”

“உடும்பு?”

உடும்பு, புலியும் மயிலும் இருக்கும் முதல் பட்டியலில் இருக்கிறது. பிடித்தால் குறைந்தது 3 ஆண்டுச் சிறை. இதைச் சொன்னதும் வாசலில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு இளைஞர் எழுந்து உள்ளே போய்விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

காட்டுப்பன்றி இரண்டாம் பட்டியல். உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால், அதிகாரம் பெற்ற வன அதிகாரி எழுத்துமூலம் அனுமதி தரச் சட்டத்தில் இடம் உண்டு. கேரளா 2022-ல் இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் வரைக்கும் இறக்கிக் கொடுத்தது. தமிழ்நாடு அவ்வளவு தூரம் போகவில்லை. 2025 ஜனவரியில் நம் அரசு அறிவித்தது ஒரு தூரக் கணக்கு. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை, பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். மூன்றிலும் செய்ய வேண்டியவர்கள் வனத்துறையினர். புகார் வந்தால் பார்த்து முடிவு செய்யக் கிராம அளவில் குழு.

“நாம சுடறது இல்லியா?”

“இல்லை தாத்தா. பயிற்சி எடுத்த வனத்துறைக்காரங்கதான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. “சரி, என் கழனி எந்தக் கணக்குல வருது? அதையாவது உன் போன் சொல்லுமா?”

சொல்லும் என்றுதான் நினைத்தேன். கூகுள் மேப்பைத் திறந்து, கிணற்றுக் கழனி மேல் விரலை அழுத்திப் பிடித்து, ‘தூரத்தை அளவிடு’ என்பதைத் தொட்டு, குன்றை நோக்கி இழுத்தேன். பச்சை நிறம் தொடங்கும் இடம் வரை 2.6 கிலோமீட்டர். மேட்டுக் கொல்லையிலிருந்து இழுத்தால் 3.4. அதாவது ஒரே ஆளின் இரண்டு நிலத்துக்கு இரண்டு விதி. கழனியில் பிடித்துக் காட்டில் விட வேண்டிய அதே பன்றியை, சாலையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனால் சுடலாம். தாத்தா சிரித்துவிட்டார். “அப்போ பன்னிகிட்ட சொல்லி, ரோட்டுக்கு அந்தாண்ட வரச் சொல்லணும்.”

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கூகுள் மேப்பின் பச்சை, சட்டத்தின் காப்புக்காடு இல்லை. மரமும் புதரும் அடர்ந்து தெரியும் இடமெல்லாம் அதில் பச்சையாக வரலாம். காப்புக்காடு என்பது அரசு அறிவிக்கை செய்து, எல்லை எழுதி, கல் நட்ட நிலம். மரமே இல்லாத பாறைச் சரிவுகூடக் காப்புக்காடாக இருக்கலாம். அடர்த்தியான மாந்தோப்பு இருக்காது.

இதற்காகவே ஆபீஸில் இருக்கும்போது சர்வே ஆஃப் இந்தியாவின் நிலவரைபடத்தை இறக்கி வைத்திருந்தேன். 2017-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றுக்கு 50,000 என்ற அளவு. மேப்பில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்றால் 50 மீட்டர். காப்புக்காட்டு எல்லையை அதில் கோடாகப் போட்டிருப்பார்கள். போன் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், அந்தக் கோடு கூகுளின் பச்சைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, குன்றின் மேல் பக்கமாகப் போகிறது. அங்கிருந்து அளந்தால் கிணற்றுக் கழனி 3.1 கிலோமீட்டர்.

2.6 என்றால் பிடிக்க மட்டும்தான். 3.1 என்றால் சுடலாம். இடையில் இருக்கும் அரை கிலோமீட்டரில் தாத்தாவின் இந்த வருஷ வேர்க்கடலை இருக்கிறது. மில்லிமீட்டருக்கு 50 மீட்டர் தாவும் ஒரு படத்தில், என் விரல் நுனியைவிட மெல்லிய கோட்டை நான் பார்த்துச் சொன்னதை எந்த அதிகாரியும் ஏற்கப்போவதில்லை, ஏற்கவும் கூடாது. எல்லையைச் சொல்ல வேண்டியது வனத்துறையின் பதிவேடும், தரையில் நிற்கும் எல்லைக்கல்லும்தான். ஆனால், ‘காப்புக்காட்டிலிருந்து உங்கள் நிலம் எத்தனை மீட்டர்’ என்று பட்டாவோடு சேர்த்தே காட்டிவிட்டால் என்ன குறைந்துவிடும்? சர்வே எண்ணையும் நில அளவையையும் போனிலேயே பார்க்கத் தமிழ்நாடு அரசின் தமிழ்நிலம் ஆப் இருக்கிறது. தாத்தாவின் இரண்டு நிலமும் அதில் கட்டம் கட்டமாக அழகாக வந்தது. விதியே தூரத்தை வைத்துத்தான் என்றால், அந்தத் தூரம் விவசாயியின் கைக்கு வர வேண்டாமா?

பள்ளிப்பட்டுப் பக்கத்தில் சம்பந்தி வீடு இருப்பது தாத்தாவுக்கு அப்போது ஞாபகம் வந்தது. “அவங்க கொல்லைக்கு எதுக்க இருக்கிற காடு ஆந்திராக் காடு. அதுக்கும் இந்த ஒண்ணு, மூணு கணக்கு உண்டா?” கேள்வியை அப்படியே குறித்துக்கொண்டேன். அவர்கள் மனு எழுதும்போது முதல் வரியாக இதையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே போன பக்கத்து வீட்டு இளைஞர் இதற்குள் திரும்பி வந்திருந்தார். அவருக்கும் குன்றோரம் கரும்பு இருக்கிறது. திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு. பன்றிக்கு அது சாப்பாடு மட்டும் இல்லை, பகலில் படுத்துக்கொள்ளும் வீடும்கூட. “இதெல்லாம் ஆவறதில்லக்கா. ஒரு கம்பி இழுத்து லைன்ல கொடுத்தா ஒரே ராத்திரில முடிஞ்சிடும்” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் ஆயா முந்திக்கொண்டார். “ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறது பன்னியா, உங்கப்பனா?”

அதற்குமேல் சட்டம் பேச எனக்கு இடமில்லை. ஆனாலும் சொன்னேன். திருட்டு மின்வேலியில் பன்றிக்குப் பதிலாகப் பக்கத்து நிலத்துக்காரர் செத்துப்போன செய்தி எங்கள் டெஸ்க்குக்குப் புதிதில்லை. தலைப்பை மாற்ற வேண்டியதில்லை, ஊர்ப் பெயரை மாற்றினால் போதும் என்ற அளவுக்கு வருகிறது. சூரிய மின்வேலி போட விரும்பினாலும், அதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்று 2023-ல் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. பழத்துக்குள் அவுட்டுக்காய் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதை முதலில் கடிப்பது மாடாக இருக்கலாம், நாயாக இருக்கலாம்.

இரவு ஒன்பதரைக்கு மனு எழுத உட்கார்ந்தோம். போன் உண்மையிலேயே உதவியது இங்கேதான். மாலையில் எடுத்த படங்களில் தேதியும் நேரமும் இடமும் பதிவாகியிருந்தன. தமிழ்நிலத்திலிருந்து சர்வே எண், உட்பிரிவு. எத்தனை சென்ட் சேதம் என்பதைத் தாத்தா மனக்கணக்காகவே சொன்னார். காலடித் தடத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டி வைத்து எடுத்த படம் ஒன்று. நாட்டுப்பன்றி இல்லை, காட்டுப்பன்றிதான் என்று காட்டுவதற்கு. வனச்சரக அலுவலகத்துக்கு ஒன்று, கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு நகல். 2.6, 3.1 இரண்டையும் எழுதினோம். எது சரி என்று நாங்கள் எழுதவில்லை. ‘எங்கள் நிலத்துக்கு நேர் எதிரே உள்ள காப்புக்காட்டு எல்லைக்கல்லை நேரில் காட்டி, தூரத்தை அளந்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினோம். தாத்தா அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ‘விரைவில்’ என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். தமிழில்தான் போட்டார். பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது எழுதிப் பழகிய தெலுங்குக் கையெழுத்தையும் ஒரு முறை ஓரத்தில் போட்டுக் காட்டினார், எனக்காக.

படுக்கப் போகும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. தூரத்தில் கிணற்று மேட்டிலிருந்து, “ஏய்! போ! தே! ஓடு!” கேட்டுக்கொண்டே இருந்தது. ஆயாவின் குரல் அங்கே விரட்டிக்கொண்டிருக்க, ஆயா இங்கே என் பக்கத்துப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபடியே எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை.

முழித்தபோது மணி இரண்டேகால். சத்தம் இல்லை என்பதால்தான் முழிப்பு வந்திருக்கிறது. ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். பக்கத்துப் பாய் காலியாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். வரப்பு மேல் டார்ச் வெளிச்சம் ஒன்று ஆடி ஆடிக் குன்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து, “ஏய்!” என்று ஒரு சத்தம் வந்தது. பதிவு செய்ததைவிடக் கொஞ்சம் கரகரப்பாக.